துரைக்கு ஒரு தொட்டி

சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கிறவர்கள் கை கழுவிவிட்டு வந்து இதைப் படிப்பது நல்லது. பூனை மூத்திரத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எங்கள் வீட்டில் ஒரு வருஷத்தின் பெரும்பகுதி அந்தப் பேச்சிலேயே கழிந்தது.

துரை எங்களிடம் வந்தது ஒரு நவம்பர் மழையில். கார் நிறுத்துமிடத்தில் யாருடைய ஸ்கூட்டருக்கு அடியிலோ ஒண்டிக் கத்திக்கொண்டிருந்த குட்டியை என் மகள் துப்பட்டாவில் சுற்றி மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்தாள். செம்மஞ்சள் உடம்பு, வெள்ளைக் கால்கள். தயிர்சாதம் வைத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "துரைக்கு இது இறங்காதாக்கும்" என்றாள் அம்மா. அதுவே பெயராக நின்றுவிட்டது.

அன்றிரவே எதிர்மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த ஆற்று மணலில் ஒரு பக்கெட் கேட்டு வாங்கிவந்து பழைய பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் பரப்பினேன். குட்டியை அதன் பக்கத்தில் விட்டதுதான் தெரியும். இறங்கினான், முன்னங்காலால் குழி பறித்தான், உட்கார்ந்தான், திரும்பி முகர்ந்தான், மூடினான். மகள் கைதட்டினாள். உள்ளங்கை அகலக் குட்டிக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று அம்மாவுக்கு ஆச்சரியம். யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஏறக்குறைய நான்கு வாரத்தில் குட்டிகள் உதிர் மண்ணைத் தானாகவே பறிக்க ஆரம்பித்துவிடும். உலகத்து வீட்டுப் பூனைகள் எல்லாமே ஃபெலிஸ் லிபிகா என்ற காட்டுப்பூனையின் வழி வந்தவை என்று மரபணுவைச் சோதித்து 2007-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்தக் காட்டுப்பூனை மேற்காசியாவின் வறண்ட நிலத்துக்காரன். தண்ணீர் அதிகம் குடிக்காமல், மூத்திரத்தைக் கெட்டியாக்கிச் சிக்கனமாகக் கழித்து வாழத் தெரிந்தவன். நங்கநல்லூர் அடுக்ககத்தில் குடியேறிய பிறகும் துரை தண்ணீர்க் கிண்ணத்தை அலட்சியமாகத் தாண்டிப் போனதற்கு அந்தப் பூர்வீகம்தான் காரணம். பின்னால் அது எங்களுக்குச் செலவு வைத்தது.

எதிர்மனையில் மணல் தீர்ந்து எம்-சாண்ட் வந்து இறங்கியது. அதன் தூசியும் கூர்மையும் துரைக்குப் பிடிக்கவில்லை. கடையில் விற்கும் பூனை மண்ணுக்கு மாறினோம். இந்த மண் கடைக்கு வந்த கதையை மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. 1947 ஜனவரியில், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் காசோபொலிஸ் என்ற சிற்றூரில் கே டிரேப்பர் என்ற பெண்மணி பூனைக்கு வைத்திருந்த மணல் குவியல் குளிரில் உறைந்துபோனது. சாம்பலைப் போட்டுப் பார்த்தார். வீடெங்கும் கரிக்கால் தடம். தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்கான பொருட்களை விற்றுக்கொண்டிருந்த எட் லோ என்ற பக்கத்துவீட்டு இளைஞரிடம் கொஞ்சம் மணல் கிடைக்குமா என்று கேட்டார். அவர் வண்டியிலிருந்த களிமண் குருணையைக் கொடுத்தனுப்பினார். பூனைக்குப் பிடித்துவிட்டது. அந்தக் குருணையை ஐந்து பவுண்டு பைகளில் கட்டி 65 சென்ட் விலை போட்டு லோ கடைக்குக் கொண்டுபோனபோது, மணல் கிட்டத்தட்ட சும்மா கிடைக்கும் ஊரில் இதை யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் தயங்கினாராம். "அப்படியென்றால் சும்மாவே கொடுங்கள்" என்றிருக்கிறார் லோ. சும்மா வாங்கிப்போனவர்கள் அடுத்த தடவை காசோடு வந்தார்கள். அந்தக் களிமண், நம் ஊர் பியூட்டி பார்லர்களில் முகத்துக்குப் பூசுகிற முல்தானி மிட்டியின் வகைதான்.

"முல்தானி மிட்டியா? அதுலயா போறான்?" என்று மனைவி கேட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் அலமாரியில் இருந்த பாக்கெட் திறக்கப்படவே இல்லை.

இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது பென்டோனைட். ஈரம் பட்டதும் உப்பி உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். குஜராத்தில் கட்ச் பக்கம் பூமிக்கடியில் ஏராளமாக இருக்கிறது. உருண்டையை மட்டும் கரண்டியால் எடுத்துப் போட்டால் மீதி மண் சுத்தமாக இருக்கும். மூடி போட்ட, முன்னால் சிறு கதவு வைத்த ஒரு பெட்டியை வாங்கி, பின்பக்கத்தில் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே வைத்தோம். வருகிறவர்கள் கண்ணில் படாது, நாற்றம் ஹாலுக்கு வராது. சில வருஷம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

பிறகு நிறுத்தினான்.

முதலில் குளியலறைக் கால்மிதி. தோய்த்துப் போட்டோம். மறுபடி கால்மிதி. மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு காலியாகக் கிடந்த அவளுடைய இலவம்பஞ்சு மெத்தை அடுத்தது. பஞ்சுக்குள் இறங்கியதை வெளியே எடுக்க வழியே இல்லை. மொட்டைமாடியில் ஒரு வாரம் வெயிலில் கிடந்தும் அது வீட்டுக்குத் திரும்பி வரத் தகுதி பெறவில்லை. அதன்பின் கடப்பாக்கல் அலமாரியின் கீழ்த்தட்டு, கவிழ்த்துவைக்க மறந்த எவர்சில்வர் தாம்பாளம், கடைசியில் சமையலறைத் தொட்டி.

வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. பேத்தி விடுதிக்குப் போனதால் வீம்பு பண்ணுகிறான் என்பது அம்மாவின் கட்சி. "அவ மெத்தையிலதானே போயிருக்கான்? கோவம். சொல்லத் தெரியல, செஞ்சு காட்டறான்." மனைவி மண்ணைச் சந்தேகப்பட்டாள். தள்ளுபடியில் கிடைத்ததென்று லாவெண்டர் வாசனை போட்ட மண்ணை நான் வாங்கி வந்திருந்தேன். வாட்ச்மேன், தெருவில் புதிதாக ஒரு கடுவன் சுற்றுகிறது, அதைப் பார்த்துத்தான் இப்படி என்றார். மேல்வீட்டுக்காரர், மூக்கை அதிலேயே தேய்த்துத் தூக்கிப் போடுங்கள், ஒரே நாளில் திருந்திவிடும் என்று அனுபவஸ்தராகச் சொன்னார். அவர் வளர்ப்பது மீன். பக்கத்து வீட்டில் குளியலறையை உடைத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை. துரையின் பெட்டியும் அந்தச் சுத்தியலும் ஒரே சுவரின் இரண்டு பக்கம்.

வீம்பு என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை என்றாலும் அதன் கவர்ச்சி எனக்குப் புரிந்தது. கோபப்படும் பூனையைச் சமாதானம் செய்யலாம். காரணமே இல்லாமல் தொட்டியில் ஏறி நிற்கும் பூனையை என்ன செய்வது?

துடைப்பதில் ஒரு தனிக் கதை. நம் வீடுகளில் எந்த நாற்றத்துக்கும் முதல் மருந்து பினாயில். அம்மா பக்கெட் நிறையக் கலக்கிவிட்டாள். மருத்துவர் பின்னால் சொல்லித்தான் முழு விவரமும் தெரிந்தது. பினால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு கிடையாது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். நாம் தலைவலிக்குப் போடும் பாராசிட்டமால் பூனையைக் கொல்வதும் அதே குறையால்தான். மனைவி மெத்தைக்கடியில் போட்டிருந்த அந்துருண்டையும் விஷமே. அமோனியா கலந்த திரவங்களில் விஷம் ஒரு பக்கம் இருக்க, மூத்திரத்திலிருந்து எழும் அதே வாடை அவற்றிலும் இருக்கிறது. பூனைக்கு அது அழைப்பிதழ்.

ஒருநாள் காலை அம்மா காபி டம்ளரைக் கழுவப் போனவள் அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாள். துரை தொட்டிக்குள் குந்தியிருந்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது, எழவில்லை. முதுகு வளைந்திருந்தது, அடித்தொண்டையில் ஒரு முனகல். இறங்கிப்போன பிறகு எவர்சில்வரில் ஒரு சொட்டு. இளஞ்சிவப்பு.

அதற்குமேல் வீட்டுக் கட்சிகள் எதற்கும் வேலை இல்லை. பழக்கூடை ஒன்றில் துண்டை விரித்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். 1903-இல் டோபின் ஹால் என்ற பங்களாவில் இருபது மாணவர்களோடு ஆரம்பித்த கல்லூரியின் மருத்துவமனை அது. வெளிநோயாளிகள் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு ஆடு, சோர்ந்துபோன ஒரு லாப்ரடார், கூண்டில் ஒரு கிளி. ஆட்டைக் கூட்டிவந்த பெரியவர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "பூனைக்கெல்லாமா வைத்தியம்?" என்று கேட்டார். ஏளனம் எதுவும் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம் என்றதும் தன் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்து, "இவளுக்கும் நேத்துலேர்ந்து சரியா வரல" என்றார். வரிசை நகரும்வரை நாங்கள் இருவரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டோம்.

மருத்துவர் சின்ன வயசுப் பெண். துரையின் அடிவயிற்றை இரண்டு கையாலும் மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார்.

"நின்னுக்கிட்டு சுவத்துல அடிக்கிறானா, குந்தித் தரையில போறானா சார்?"

"குந்தித்தான்."

"மொத்தமா போறானா, சொட்டுச் சொட்டா அடிக்கடி போறானா?"

"சொட்டுச் சொட்டாத்தான் டாக்டர்."

"துணியிலயா, வழவழப்பான இடத்துலயா?"

முதலில் துணி, இப்போது கல், எவர்சில்வர் என்றேன். தலையாட்டினார். நின்றபடி வாலை நடுக்கிச் சுவரில் பீய்ச்சுவது எல்லைக் குறி, அது வேறு விவகாரம், அறுவை செய்த கடுவன்களில் பெரும்பாலும் நின்றுவிடும் என்றார். இவன் செய்வது அதில் சேராது. மூத்திரப்பையில் எரிச்சல் இருக்கிற பூனைகள் குளிர்ந்த, வழவழப்பான இடத்தைத் தேடுவதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த வரிசை முழுவதும், கால்மிதியிலிருந்து தொட்டிவரை, ஒரு நோயாளி எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்த அறிகுறிதான்.

"பை இப்ப சின்னதாத்தான் இருக்கு. எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியா, பெருசா இருந்துச்சுன்னா அடைப்புன்னு அர்த்தம். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் நுனியில ரொம்பக் குறுகல். சளியும் உப்புத்தூளும் சேர்ந்து அடைச்சுக்கும். அப்படி ஆனா அன்னிக்கே கொண்டு வரணும், மறுநாள்னு தள்ளக் கூடாது." அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வீம்பு என்ற சொல் அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வரவில்லை.

ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தபடி, வயிற்றின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்தி மூத்திரத்தை எடுத்தார்கள். துரை கத்துவான் என்று நான் காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிவில் ரத்த அணு இருந்தது. கிருமி இல்லை, கல் இல்லை. மனிதர்களுக்கென்றால் மூத்திர எரிச்சல் என்றதும் கிருமி என்று ஆன்டிபயாட்டிக் எழுதிவிடுவார்கள். நடுவயசுக்குள் இருக்கும் பூனைகளுக்குக் கிருமித் தொற்று அபூர்வம். இப்படி வருகிற பூனைகளில் பாதிக்கு மேல் எந்தக் காரணமும் கையில் சிக்காது. பை வீங்கியிருக்கும், வலிக்கும், அவ்வளவுதான்.

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இந்த நோயின் பின்னாலேயே பல வருஷம் அலைந்திருக்கிறார். கோளாறு மூத்திரப்பையோடு நிற்பதில்லை, நரம்பும் சுரப்பிகளும் பதற்றத்தைத் தாங்கும் விதமும் சேர்ந்த விஷயம் என்று கண்டு, அதற்குப் பண்டோரா சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார். அவருடைய குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பிடிக்கும். நோயுள்ள பூனைகளையும் நல்ல பூனைகளையும் ஒரே இடத்தில் வைத்துத் தினமும் பார்த்து எழுதினார்கள். சாப்பாடு வரும் நேரம் மாறினால், பழகிய ஆள் மாறினால், நல்ல பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, தட்டுக்கு வெளியே போயின. நோயுள்ளவையும் இல்லாதவையும் இந்த விஷயத்தில் அண்ணன் தம்பிதான். சுவருக்கு அந்தப்பக்கம் ஓடு உடைத்த சத்தத்தை அன்றைக்குத்தான் மருத்துவரிடம் சொன்னேன். "அதான் சார்" என்றார். அதுதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எழுதிக்கொண்டார்.

வலிக்குச் சில நாள் மருந்து. உலர் தீனியைக் குறைத்து ஈரமான சாப்பாடு, அதிலும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி. தண்ணீர்க் கிண்ணங்களைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வீட்டின் பல மூலைகளில் வைத்தோம். ஒரு வாரத்துக்குள் ரத்தம் நின்றது, முனகல் நின்றது. இந்த நோய் பெரும்பாலும் அப்படித்தான், வந்த வழியே போகும், மறுபடி வரும்.

துரை ஆனாலும் பெட்டிக்குத் திரும்பவில்லை. சமையலறைத் தொட்டியில் இப்போது தாராளமாக, ஆரோக்கியமாகப் போனான். தொலைபேசியில் மருத்துவரிடம் கேட்டபோது சிரித்தார். "வலிச்சது அந்தப் பெட்டிக்குள்ள இருந்தப்ப சார். அவனைப் பொறுத்தவரைக்கும் பெட்டிதான் கடிச்சுது." மூடியைக் கழற்றுங்கள், வாசனை மண்ணைத் தூக்கிப் போடுங்கள், பழைய வாடை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நொதி கலந்த திரவம் போட்டு ஊறவிடுங்கள், பெட்டியை இடம் மாற்றுங்கள் என்றார்.

வாடை எங்கெல்லாம் இருக்கிறதென்று மனித மூக்குக்கு முழுதாகத் தெரியாது. பூனை மூத்திரத்தில் ஃபெலினைன் என்று கந்தகம் கலந்த ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. அது உருவாக உதவும் காக்ஸின் என்ற புரதத்தை ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாவோ மியாசாகி குழுவினர் கண்டார்கள். ஃபெலினைன் மெல்லச் சிதையச் சிதையத்தான் நாற்றம் ஏறும். இன்றைக்குத் துடைத்த இடம் அடுத்த வாரம் நாறுவது அதனால். ஆனால் புற ஊதா விளக்கில் மூத்திரக் கறை ஒளிரும். அந்த விளக்குக்கு எங்கே போவது என்று யோசித்தபோது மளிகைக்கடை அண்ணாச்சி கள்ளநோட்டு பார்க்க வைத்திருப்பது நினைவு வந்தது.

"என்ன சார், ரெண்டாயிரம் நோட்டு ஏதும் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டபடியே கொடுத்தார்.

இரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக் கிளம்பினோம். முதலில் ஹால் சோபாவின் முதுகில் பளீரென்று நீல வெள்ளையாக ஒரு பெரிய ஒளி. "ஐயோ, சோபாவுமா?" என்றாள் மனைவி. தொட்டுப் பார்த்தால் என் வேஷ்டி. வெளுப்புக்காகச் சலவைத்தூளில் போடும் பொருளும் ஊதா விளக்கில் ஒளிரும். அன்று என் பனியன், அம்மாவின் பூஜைத் துண்டு, மனைவியின் சுடிதார் எல்லாமே கோயில் திருவிழா சீரியல் செட். மூத்திரம் அப்படி ஜொலிப்பதில்லை, மங்கிய மஞ்சள் பச்சை. அதுவும் கிடைத்தது. டிவி மேஜைக்குப் பின்னால், திரைச்சீலையின் அடி ஓரத்தில், செருப்பு அலமாரியில் யாரும் போடாத ஒரு ஷூவுக்குள். இருட்டில் நாங்கள் மூவரும் தவழ்ந்துகொண்டிருந்தோம். துரை சாப்பாட்டு மேஜைமேல் உட்கார்ந்து எங்களை மேற்பார்வை செய்தான்.

வாடையைப் போக்கியாயிற்று. இடம்தான் சண்டை.

பூனைக்கு என்ன வேண்டும் என்பதில் மருத்துவர் தெளிவாக இருந்தார். குந்தியிருக்கும்போது அது பாதுகாப்பற்ற நிலையில் இருக்கிறது. வேட்டையாடும் மிருகம்தான், ஆனால் தன்னைவிடப் பெரியதற்கு இரையாகும் அளவுக்குச் சிறியது. யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும், ஓட இரண்டு வழி வேண்டும். மூடி போட்ட பெட்டி அதற்குப் பொறி. திடீரென்று சுழலும் வாஷிங் மெஷின் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். திறந்த வெளி, அமைதியான மூலை, பெரிய தொட்டி. மூக்கிலிருந்து வாலின் அடிவரை பூனையின் நீளம் எவ்வளவோ அதைப்போல் ஒன்றரை மடங்கு.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு இடம் ஹால் மட்டும்தான்.

அம்மா பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்தவள். அங்கே கக்கூஸ் மாட்டுக்கொட்டிலையும் தாண்டிக் கொல்லையின் கடைக்கோடியில் இருந்தது. போய்விட்டு வந்தால் கிணற்றடியில் கால் கழுவாமல் வாசற்படி மிதிக்க முடியாது. சென்னைக்கு வரச் சொன்னபோது அவள் முதலில் மறுத்ததே படுக்கையறைக்குள் கழிப்பறை என்ற ஏற்பாட்டால்தான். அப்படிப்பட்டவளிடம் ஹாலில், சாமி மாடத்துக்கு எதிர்ச்சுவரில், பூனைக்குக் கக்கூஸ் என்றால்?

"ஏம்ப்பா, நாலு பேர் வர்ற இடம்."

"உன் ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்கேம்மா."

"அதுக்குக் கதவு இருக்கு."

அந்தக் கதவுதான் அவனுக்கு ஆகாது என்பதை எப்படி விளக்குவது? மனைவி என் பக்கமும் இல்லை, அவள் பக்கமும் இல்லை. பால்கனியில் வைக்கலாம் என்றாள். பால்கனியில் காக்கை வரும், சாரல் அடிக்கும், மண் முழுக்கக் களியாகும். சில நாள் பேச்சுவார்த்தை அதோடு நின்றது. அதுவரை தொட்டியில் எப்போதும் தண்ணீரைத் தேக்கிவைத்தோம். ஈரத்தில் கால்வைக்கத் துரைக்கு மனசு வராது. கடப்பாக்கல் தட்டில் சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்தோம், சாப்பிடும் இடத்தில் போகமாட்டான். இப்படி ஒவ்வொரு வாசலாக அடைத்துக்கொண்டு வந்தோம்.

முடிவு செய்தது அம்மாதான். வீட்டில் முதலில் எழுகிறவள் அவள். விடிகாலையில் துரை புத்தக அலமாரிக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவில் வெறும் டைல்ஸைக் காலால் பறிப்பதைச் சில நாளாகப் பார்த்திருக்கிறாள். அங்கே உட்கார்ந்தால் வாசல் கதவும் தெரியும், சமையலறையும் தெரியும். "இங்கதான் கேக்கறான்" என்றாள் என்னிடம். பிறகு, அது தன் தோல்வி ஆகிவிடக் கூடாதென்று நிபந்தனையும் போட்டாள். "காலைல நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள அள்ளியாகணும். சாயங்காலம் விளக்கேத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை." தினமும் இரண்டு தடவை அள்ளவேண்டும் என்று மருத்துவர் சொன்னதை நான் வீட்டில் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். மடி ஆசாரமும் கால்நடை மருத்துவமும் இப்படி ஒத்துப்போகும் என்று யார் கண்டார்கள்.

செல்லப்பிராணிக் கடைகளில் இருந்த பெட்டி எதுவும் துரையின் நீளத்துக்குப் போதவில்லை. மார்க்கெட் பாத்திரக்கடையில் துணி ஊறவைக்கிற பெரிய டப் ஒன்றை வாங்கினேன். "குழந்தையைக் குளிப்பாட்டவா சார்?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன், விளக்கம் சொல்லத் தெம்பில்லை. பழைய கத்தியை அடுப்பில் காய்ச்சி ஒரு பக்கத்தைத் தாழ்வாக அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, வாசனை இல்லாத பொடி மண்ணை மூன்று விரல் உயரத்துக்குக் கொட்டினோம். பின்பக்கத்திலும் மெஷினைவிட்டுத் தள்ளி இன்னொரு டப் வைத்தோம். ஒரு பூனை என்றால் இரண்டு தொட்டி என்பது கணக்கு. பின்பக்கத்து டப்பை அவன் இன்றுவரை மதித்ததில்லை. அதில் மனைவி துணி ஊறவைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஹால் தொட்டிக்கு உடனே வந்துவிட்டானா என்றால் இல்லை. சுற்றி வந்தான், விளிம்பில் காலை வைத்து எடுத்தான், ஒருநாள் அதற்குள் படுத்துத் தூங்கினான். பிறகு எப்போதோ ஒரு ராத்திரி போயிருக்கிறான். காலையில் உருண்டையைப் பார்த்த அம்மா என்னை எழுப்பவில்லை, விடுதியில் இருக்கும் பேத்தியை எழுப்பினாள்.

தீபாவளிக்கு மறுபடி வந்தது. வெடிச்சத்தம் ஓய்ந்த மறுநாள் தொட்டியில் சொட்டு. இந்தத் தடவை யாரும் பினாயிலைத் தேடவில்லை. அம்மா உருண்டைகளை எண்ண ஆரம்பித்திருந்தாள். அளவான இரண்டு மூன்று என்றால் சரி, குட்டி குட்டியாக நிறைய என்றால் எரிச்சல், ஒன்றுமே இல்லை என்றால் உடனே ஆட்டோ. தினமும் மாலையில் கணக்கு தொலைபேசி வழியே விடுதிக்குப் போகும். பேத்தி சாப்பிட்டாளா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

உறவினர்கள் வருகிறார்கள். சிலர் பார்த்தும் பார்க்காததுமாக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு பெரியப்பா துரை குழி பறிப்பதை முழுவதும் பார்த்துவிட்டு, "நம்ம வாடகைக்காரனுக்கு இந்தப் புத்தி இல்லையே" என்றார். நாற்றம் இல்லை. நேரத்துக்கு அள்ளினால் இருக்காது.

அள்ளியதை எங்கே போடுவது என்பது மட்டும் தீரவில்லை. பென்டோனைட் ஈரத்தில் உப்புவது என்பதால் கழிப்பறையில் கொட்டினால் குழாய் அடைத்துவிடும். செய்தித்தாளில் பொட்டலம் கட்டி அம்மாவே கீழே கொண்டுபோனாள். பேட்டரி வண்டியில் வரும் துப்புரவுப் பெண் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்து, "இது மக்குறதா, மக்காததா பாட்டி?" என்று கேட்டிருக்கிறாள்.

"மண்ணும்மா."

"மண்ணுன்னா பச்சையிலயும் போட முடியாது, நீலத்துலயும் போட முடியாது. பக்கத்துல கோணி கட்டியிருக்கேன் பாருங்க, அதுல போடுங்க. மூணாவது தெருவுல ஒரு அம்மா இதே மண்ணத்தான் தினம் குடுக்கறாங்க. அங்க நாலு பூனை."

அம்மா மாடியேறி வந்து மூச்சு வாங்கியபடி என்னிடம் கேட்டாள்: "நாலு பூனையாம்ப்பா. ஹால்ல எப்படி இடம் பத்தும் அவங்களுக்கு?"